காற்று மாசில் ‘நீதி’யை ஒரு பொறியாளர் எப்படி அளக்கிறார்?

முதுகலைப் படிப்புக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி இது: “சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் ஒருவர் தன் ஆய்வுத் தலைப்பை ‘காற்றின் தரமும் சுற்றுச்சூழல் நீதியும்’ என்று போட்டிருக்கிறார். நீதி என்றால் வழக்கறிஞர்களும் சமூகவியலாளர்களும் பார்க்கிற வேலை. பொறியாளர் இதில் எதை அளக்கிறார்? கணக்கு எப்படிப் போடுகிறார்?”

அவர் அளப்பது ஓர் இடைவெளியை. யார் எவ்வளவு மாசைச் சுவாசிக்கிறார்கள், அது எந்தப் புகைபோக்கியிலிருந்து வருகிறது, எதைக் குறைத்தால் இடைவெளி சுருங்கும் என்று மூன்று கேள்விகள். மூன்றுக்குமே எண்ணில் விடை சொல்லலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் மார்ஷல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜோஷுவா ஆப்டே, ராபர்ட் ஹார்லி, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் டெஸ்ஸம் என்று இந்தப் பக்கம் அதிகம் வேலை செய்தவர்கள் எல்லோருமே சிவில், சுற்றுச்சூழல் பொறியியல் துறைக்காரர்கள்தான்.

வரலாற்றை இரண்டே வரியில் முடித்துவிடலாம். 1982-ல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த இடத்தில் பிசிபி நச்சு கலந்த மண்ணைக் கொட்டும் கிடங்கை எதிர்த்து நடந்த போராட்டம்தான் ‘சுற்றுச்சூழல் நீதி’ இயக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. 1994-ல் அதிபர் கிளின்டன் 12898-ம் எண் ஆணையால் அரசுத் துறைகளை இதைக் கவனிக்கச் சொன்னார். 2025 ஜனவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. சட்டம் வந்தாலும் போனாலும் அளவீட்டு முறை மாறுவதில்லை, அதனால் நேராக அதற்குள் போவோம்.

கணக்கின் அடிப்படை, மக்கள்தொகையால் எடையிட்ட சராசரி. ஊரைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் மாசுச் செறிவையும் அங்கே வாழும் ஒரு குழுவினரின் எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அந்தக் குழுவின் மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு கற்பனை ஊரை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பேட்டைகள். முதல் பேட்டையில் நுண்துகள் (பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள துகள்) ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 12 மைக்ரோகிராம், அங்கே 7,000 கறுப்பினத்தவர், 3,000 வெள்ளையர். இரண்டாவதில் 9 மைக்ரோகிராம், அதே வரிசையில் 4,000 பேர், 16,000 பேர். மூன்றாவதில் 7, 1,000 பேர், 19,000 பேர். பெருக்கிக் கூட்டி வகுத்தால் கறுப்பினத்தவர் சராசரியாகச் சுவாசிப்பது 10.58, வெள்ளையர் 8.24. வித்தியாசம் 2.35, விகிதம் 1.28. ஊரின் பொதுச் சராசரி 8.8. அமெரிக்காவின் ஆண்டுத் தரநிலை 2024-ல் 12-லிருந்து 9 ஆகக் குறைக்கப்பட்டது. ஊர்ச் சராசரியை மட்டும் பார்த்தால் இந்த ஊரில் பிரச்சினையே தெரியாது.

இப்போது அரசு மாசைக் குறைக்கப் பணம் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பேட்டையில் மட்டும் 12-ஐ 9 ஆக்கினால் ஊர்ச் சராசரி 8.8-லிருந்து 8.2-க்கு வரும். அதே 8.2-ஐ எல்லாப் பேட்டைகளிலும் ஒரே சதவீதத்தில் குறைத்தும் எட்டலாம். சராசரியில் இரண்டு வழிக்கும் வித்தியாசம் இல்லை. இடைவெளியில் உண்டு: முதல் வழியில் 2.35 என்பது 0.83 ஆகச் சுருங்குகிறது. இரண்டாம் வழியில் 2.19-லேயே நிற்கிறது, விகிதமோ 1.28-லிருந்து அசையவே இல்லை. ‘எவ்வளவு குறைக்கிறோம்’ என்பதைவிட ‘எங்கே குறைக்கிறோம்’ என்பதுதான் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. இந்தத் துறையின் பல ஆய்வுகள் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

நிஜத்தில் நடந்தது கிட்டத்தட்ட இரண்டாம் வழிதான். மார்ஷல் குழுவினர் அமெரிக்கா முழுவதற்கும், வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடைக் கணக்கிட்டார்கள். 2000-ல் வெள்ளையர் அல்லாதவர்கள் சுவாசித்தது சராசரியாக நூறு கோடியில் 17.6 பங்கு, வெள்ளையர் 12.6 பங்கு. 2010-ல் அது 10.7, 7.8 என்று இறங்கியது. வித்தியாசம் 5.0-லிருந்து 2.9 ஆனது, பெரிய முன்னேற்றம். ஆனால் விகிதாசாரமாகப் பார்த்தால் 40 சதவீதம் அதிகம் என்பது 37 சதவீதம் அதிகம் என்றுதான் ஆனது. வாகனங்களும் எரிபொருளும் நாடெங்கும் ஒருசேரச் சுத்தமானதால் எல்லோருக்கும் மாசு குறைந்தது, வரிசை மாறவில்லை. இந்த இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் காட்டும் கட்டுரையை நான் நம்ப மாட்டேன். வித்தியாசம், விகிதம் இரண்டையும் கேளுங்கள். நோய்ச் சுமைக்கு வித்தியாசம் முக்கியம், பங்கீடு நியாயமா என்பதற்கு விகிதம்.

அடுத்து, எவ்வளவு சிறிய பகுதிகளாகப் பிரிப்பது? மேலே சொன்ன மூன்று பேட்டைகளையும் ஒரே கட்டமாகச் சேர்த்தால் எல்லோருக்கும் 8.8, இடைவெளி பூஜ்யம். கணக்கில் தவறே இல்லை, ஆனால் விடை தவறு. 12 கிலோமீட்டர் கட்டத்தில் ஓடும் கணினி மாதிரியும், கவுண்டி அளவுச் சராசரியும் ஏற்றத்தாழ்வைப் பொதுவாகக் குறைத்தே காட்டும். நாடளாவிய கணக்குக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ‘டிராக்ட்’ அளவு (சுமார் 4,000 பேர்) பெரும்பாலும் போதும். ஓர் ஊருக்குள்ளேயே ஒப்பிட வேண்டுமானால் அதைவிடச் சிறிதாகப் போக வேண்டும்.

எவ்வளவு சிறிது என்பது மாசின் தன்மையைப் பொறுத்தது. பிஎம் 2.5-ல் பெரும்பகுதி காற்றிலேயே வேதிவினையால் உருவாகிப் பல நூறு கிலோமீட்டர் பரவுவது. நம் கற்பனை ஊரில் போல, ஒரே ஊருக்குள் பேட்டைக்குப் பேட்டை அவ்வளவு பெரிதாக நிஜத்தில் மாறாது. நைட்ரஜன் டை ஆக்சைடும் டீசல் கரியும் அப்படி இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் உச்சத்தில் இருந்து, சில நூறு மீட்டருக்குள் பின்னணி அளவுக்கு இறங்கிவிடும். அதனால் ஒரே ஊரில் பிஎம் 2.5-ஐ வைத்து ‘ஏற்றத்தாழ்வு சிறிது’ என்றும், நைட்ரஜன் டை ஆக்சைடை வைத்து ‘பெரிது’ என்றும் இரண்டு ஆய்வுகள் சொல்லலாம், இரண்டுமே சரியாகவும் இருக்கலாம். எந்த மாசு, எந்த அளவுக் கட்டம் என்று கேட்காமல் இவற்றை ஒப்பிடக் கூடாது.

சரி, அந்த 12-ம் 9-ம் எங்கிருந்து வருகின்றன? அதிகாரபூர்வ பிஎம் 2.5 அளவீடு ஒரு வடிகட்டித் தாளில் தொடங்குகிறது. 46.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள டெஃப்லான் வடிகட்டி, நிமிடத்துக்கு 16.67 லிட்டர் காற்று, 24 மணி நேரம். மொத்தம் 24 கன மீட்டர் காற்று அதன் வழியே போகிறது. காற்றில் 10 மைக்ரோகிராம் செறிவு இருந்தால் தாளில் சேர்வது 240 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் கால்வாசி. அதை நிறுக்கத் தராசு 1 மைக்ரோகிராம் வரை காட்ட வேண்டும். நிறுப்பதற்கு முன் தாளை 20–23 டிகிரி செல்சியஸ், 30–40 சதவீத ஈரப்பதத்தில் குறைந்தது 24 மணி நேரம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தையும் சேர்த்து நிறுப்பீர்கள். டெஃப்லான் தாளில் நிலைமின்னூட்டம் எளிதில் ஏறும். அதை நீக்காமல் தட்டில் வைத்தால் எண் ஒரு நிலைக்கு வராமல் நகர்ந்துகொண்டே இருக்கும். எடுத்த தாள் சூடான இடத்தில் கிடந்தால் அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகிவிடும். குளிர்கால நைட்ரேட் அதிகமுள்ள கலிஃபோர்னியா போன்ற இடங்களில் இது சின்ன இழப்பு அல்ல.

இவ்வளவு கவனமாக அளக்கும் நிலையங்கள் குறைவு. பெரும்பாலான கவுண்டிகளில் ஒரு பிஎம் 2.5 நிலையம்கூட இல்லை. இருக்கும் வடிகட்டி நிலையங்களிலும் பல மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மாதிரி எடுக்கின்றன. மேலும், ஒழுங்குமுறை நிலையங்களில் பெரும்பாலானவை ஒரு வட்டாரத்தின் பொதுவான அளவைக் காட்டும்படி, பக்கத்துப் புகைமூலங்களிலிருந்து விலகி வைக்கப்பட்டவை. ஒரு பேட்டைக்கும் அடுத்த பேட்டைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிப்பது அவற்றின் வேலையாக இருந்ததே இல்லை. பெரிய நகரங்களில் சாலை விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் நைட்ரஜன் டை ஆக்சைடு நிலையம் வேண்டும் என்ற விதியே 2010-ல்தான் வந்தது.

அந்த வாயுவை அளக்கும் கருவியிலும் ஒரு பொறி உண்டு. வழக்கமான கருவி, 300 டிகிரிக்கு மேல் சூடாக்கிய மாலிப்டினம் உலோகத்தின் வழியாகக் காற்றைச் செலுத்தி, நைட்ரஜன் டை ஆக்சைடை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றி அளக்கிறது. ஆனால் நைட்ரிக் அமிலம் போன்ற, பயணப்பட்டு முதிர்ந்த காற்றில் இருக்கும் வேறு சேர்மங்களையும் அந்த மாலிப்டினம் மாற்றிவிடும். எனவே சாலையோரத்துப் புதுப் புகையைவிட ஊருக்கு வெளியே உள்ள பழைய காற்றில்தான் கருவி விகிதப்படி அதிகமாகக் கூட்டிக் காட்டும். விளைவு: சாலையோரப் பேட்டைக்கும் புறநகருக்கும் உள்ள இடைவெளி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஒளியால் பிரிக்கும் மாற்றியுள்ள கருவி இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும்.

‘மலிவு சென்சாரை ஊர் முழுக்க வைத்தால் போதாதா?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். பர்ப்பிள்ஏர் போன்ற கருவிக்குள் பிளான்டவர் லேசர் சென்சார்கள் இரண்டு இருக்கும். துகள் சிதறடிக்கும் ஒளியிலிருந்து எடையை ஊகிக்கின்றன. ஈரக்காற்றில் துகள் நீரை உறிஞ்சிப் பெருப்பதால் எண் ஏறிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2021-ல் வெளியிட்ட நாடளாவிய திருத்தம் எளிமையானது: சென்சார் காட்டும் அளவை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பதச் சதவீதத்தை 0.0862-ஆல் பெருக்கிக் கழித்து, 5.75-ஐக் கூட்டுங்கள். சென்சார் 30 காட்டி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் உண்மை சுமார் 16.3. கிட்டத்தட்ட பாதி. இரண்டு சென்சார்களும் ஒன்றுக்கொன்று 5 மைக்ரோகிராமுக்கும் 61 சதவீதத்துக்கும் மேல் முரண்பட்ட அளவீடுகளைத் தூக்கிவிட வேண்டும். இந்தச் சூத்திரம் கடுமையான காட்டுத்தீப் புகைக்குப் பொருந்தாது, அதற்கு வேறு திருத்தம் இருக்கிறது.

திருத்தத்தால் சரியாகாத இரண்டு குறைகள் இன்னும் பெரியவை. முதலாவது, இந்தச் சென்சார்களுக்குச் சுமார் 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழான துகள் கண்ணில் படாது. டீசல் லாரியிலிருந்து அப்போதுதான் வெளியேறும் கரித்துகளோ பெரும்பாலும் அதைவிடச் சின்னது. லாரிகள் வரிசைகட்டும் தெருவில் வைத்தாலும் சென்சார் ‘பரவாயில்லை’ என்று சொல்லும், மக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது, இவற்றைச் சொந்தக் காசில் வாங்கி மாட்டியவர்கள் பெரும்பாலும் வசதியான பகுதிக்காரர்கள். சென்சார் அடர்த்தியாக இருக்கும் இடமும் மாசு அடர்த்தியாக இருக்கும் இடமும் வேறு வேறு. அந்தத் தரவை அப்படியே சராசரி எடுத்தால் ஊர் சுத்தமாகத் தெரியும்.

இந்த இரண்டு குறைகளும் இல்லாத வழி ஒன்று உண்டு: ஆப்டே குழு கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் கூகுள் ஸ்ட்ரீட் வியூ கார்களில் ஆய்வகக் கருவிகளை ஏற்றி ஓட்டியது. முடிவுகள் 2017-ல் வெளிவந்தன. நொடிக்கு ஒரு அளவீடு, ஜிபிஎஸ் புள்ளியோடு. சாலைகளை 30 மீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு அளவீட்டையும் அதற்குரிய துண்டில் போட்டார்கள். ஒரே தெருத்தொகுதிக்குள்ளேயே மாசு 5 முதல் 8 மடங்கு வரை மாறியது, அதுவும் ஒருநாள் கூத்தாக இல்லாமல் நிலையான வடிவமாக. ஒரு துண்டை 10 முதல் 20 வெவ்வேறு நாட்கள் கடந்தால் முக்கிய வடிவம் பிடிபட்டுவிடும் என்பது திட்டமிடுபவர்களுக்குப் பயன்படும் எண்.

ஓட்டுவது எளிது, தரவைச் சுத்தம் செய்வதுதான் வேலை. ஒரு நாளில் ஒரு துண்டைக் கடந்தபோது கிடைத்த நொடிகளை முதலில் சராசரியாக்கி, பிறகு எல்லா நாட்களுக்கும் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், மீடியன்) எடுக்க வேண்டும். நேரடியாக எல்லா நொடிகளையும் சராசரி எடுத்தால், முன்னால் போன ஒரே ஒரு புகைகக்கும் லாரி அந்தத் துண்டின் தலையெழுத்தை மாற்றிவிடும். சிக்னலில் நிற்கும்போது கார் தன் புகையையே உறிஞ்சக்கூடும். காலையில் ஒரு பேட்டை, மாலையில் இன்னொரு பேட்டை என்று ஓட்டினால் நேர வித்தியாசம் இட வித்தியாசமாக வேஷம் போடும். பின்னதைச் சரிசெய்ய, ஒரு நிலையான கருவியின் அந்தந்த மணி நேர அளவோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். வேலைநாள் பகலில் மட்டும் ஓட்டிய வரைபடத்தில் இரவு இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

ஓக்லாந்தின் மேற்குப் பகுதியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பது நல்லது, இந்த ஆய்வுகள் அங்கேதான் மண்ணில் கால் ஊன்றுகின்றன. ஒரு பக்கம் துறைமுகம், சுற்றிலும் 880, 580, 980 எண் நெடுஞ்சாலைகள். 580-ம் சாலை ஓக்லாந்தின் மேட்டுப் பக்கம் போகும். அந்தப் பகுதியில் கனரக லாரிகளுக்குத் தடை. அந்த லாரிகள் எல்லாம் தாழ்ந்த பக்கத்து 880-ல் போகின்றன, கறுப்பின, ஹிஸ்பானியக் குடும்பங்கள் அதிகம் வாழும் பேட்டைகளை ஒட்டி. 880-ன் பழைய இரட்டைத்தட்டு மேம்பாலம் 1989 நிலநடுக்கத்தில் இடிந்தது. அது மேற்கு ஓக்லாந்தின் நடுவே போன சாலை. குடியிருப்போர் போராடியதால் 1990-களில் புதிய சாலை பேட்டையின் விளிம்புக்குத் தள்ளிக் கட்டப்பட்டது. இப்படிச் சாலை எங்கே, லாரி எதில் என்ற முடிவுகள்தான் வரைபடத்தில் சிவப்புத் துண்டுகளாகத் தெரிகின்றன.

அங்கே ஹார்லி, தாமஸ் கிர்ச்ஸ்டெட்டர் குழு செய்த வேலை வேறு வகை. துறைமுகத்துக்குப் போகும் சாலைக்கு மேலே பாலத்தில் உறிஞ்சுகுழாயை நிறுத்தி, கீழே போகும் ஒவ்வொரு லாரியின் புகையையும் தனித்தனியாகப் பிடித்தார்கள். புகை எவ்வளவு கலந்து நீர்த்திருக்கிறது என்பது தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். கார்பன் டை ஆக்சைடும் அதே அளவு நீர்த்திருக்கும். கரித்துகளின் உயர்வை கார்பன் டை ஆக்சைடில் உள்ள கார்பனின் உயர்வால் வகுத்து, டீசலில் கார்பன் 87 சதவீதம் என்பதால் 0.87-ஆல் பெருக்கினால், எரித்த ஒரு கிலோ டீசலுக்கு இத்தனை கிராம் கரி என்று வந்துவிடும். இரண்டு லாரிகள் அடுத்தடுத்து வந்தால் புகை கலந்துவிடும், அந்தப் பதிவைக் கழித்துவிட வேண்டும்.

கலிஃபோர்னியா துறைமுக லாரிகளுக்குத் துகள் வடிகட்டி கட்டாயமானபோது, 2009-க்கும் 2013-க்கும் இடையே கரி வெளியேற்றம் 76 சதவீதமும் நைட்ரஜன் ஆக்சைடுகள் 53 சதவீதமும் இறங்கின. துறைமுக லாரிகளை மட்டும் குறிவைத்த விதி எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அதே அளவீட்டில் ஒரு பக்கவிளைவும் தெரிந்தது: நைட்ரஜன் ஆக்சைடுகளில் நேரடியாக டை ஆக்சைடாக வெளிவரும் பங்கு 3 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஏறியது. வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க வேண்டிய வினையூக்கிதான் அதற்குக் காரணம். ஆய்வாளர்கள் பாலத்தில் நிற்காமல், விதியில் எழுதியிருப்பதை வைத்தே கணக்குப் போட்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

இனி, மாசு யாரிடமிருந்து வருகிறது என்ற கேள்வி. இதற்கு அளவீடு போதாது, கணினி மாதிரி வேண்டும். முழு வேதியியல் மாதிரியை ஒருமுறை ஓட்டவே நாட்கணக்கில் ஆகும். ஆயிரக்கணக்கான மூலங்களை ஒவ்வொன்றாக அணைத்து ஓட்டிப் பார்க்க வழியே இல்லை. டெஸ்ஸம், மார்ஷல், ஜேசன் ஹில் ஆகியோர் 2017-ல் வெளியிட்ட இன்மேப் என்ற எளிய மாதிரி இந்தச் சிக்கலை எளிமையாக்கியது. மக்கள் நெருக்கமான இடத்தில் 1 கிலோமீட்டர், ஆளில்லாத இடத்தில் 48 கிலோமீட்டர் என்று கட்டத்தின் அளவு மாறும். ஆண்டுச் சராசரியை மட்டும் கணிக்கும். அதைக் கொண்டு, எந்தக் கட்டத்தில் ஒரு டன் வெளியேறினால் எந்தக் கட்டத்தில் செறிவு எவ்வளவு ஏறும் என்ற பெரிய அட்டவணை ஒன்றைத் தயாரித்து வைத்துவிட்டால், அதன்பின் எல்லாம் வெறும் பெருக்கல். நேரடித் துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், அம்மோனியா, ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என ஐந்து வகை வெளியேற்றத்துக்கும் தனி அட்டவணை. விலை என்னவென்றால், வேதியியலை நேர்கோடாக எடுத்துக்கொள்கிறது. அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து நைட்ரேட் துகளாவது நேர்கோட்டில் நடப்பதில்லை, அந்த இடத்தில் பிழை அதிகம். நாள்கணக்கு, மணிக்கணக்குக் கேள்விகளுக்கு இதைத் தொடவே கூடாது.

இந்தக் கருவியிலிருந்து வந்த முடிவுகளில் மூன்று முக்கியம். 2019 ஆய்வு, யாருடைய நுகர்வுக்காக மாசு உண்டாகிறது, யார் சுவாசிக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது: வெள்ளையர் தங்கள் நுகர்வு உண்டாக்கும் பிஎம் 2.5-ஐவிடச் சுமார் 17 சதவீதம் குறைவாகச் சுவாசிக்கிறார்கள். கறுப்பினத்தவர் 56 சதவீதமும் ஹிஸ்பானியர் 63 சதவீதமும் அதிகமாக. 2021 ஆய்வு மூலவகைகளைப் பிரித்தது. ஏதோ இரண்டு மூன்று கெட்ட தொழிற்சாலைகளைத் திருத்தினால் போதும் என்று நினைத்தவர்களுக்கு அது ஏமாற்றம். நாட்டு மக்கள் சுவாசிக்கும் மொத்த அளவில் 75 சதவீதம், வெள்ளையர் அல்லாதவர்களைச் சராசரிக்கு மேல் பாதிக்கும் மூலவகைகளிலிருந்தே வருகிறது. தொழிற்சாலை, கார், லாரி, கட்டுமானம் என்று கிட்டத்தட்ட எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு.

2022-ல் யூஜோ வாங் முதல் ஆசிரியராக வந்த ஆய்வு, ‘அப்படியானால் என்ன செய்வது?’ என்று கேட்டது. துறைவாரியாக வெட்டினால், தேசிய அளவிலான இன இடைவெளியைப் போக்கக் கிட்டத்தட்ட எல்லா வெளியேற்றத்தையும் ஒழிக்க வேண்டியிருக்கும். நகரங்கள் ஒரு செறிவுத் தரநிலையை எட்ட வேண்டும் என்ற இப்போதைய பாணி விதியால் அது முடியவே முடியாது. குறிப்பிட்ட இடங்களைத் தேர்ந்து வெட்டினால் சிறிய அளவுக் குறைப்பே போதும். மூன்று பேட்டைக் கணக்கு நாட்டின் அளவுக்கு விரிந்த கதைதான் அது. ஆனால் இடத்தைப் பொறுத்த விதிக்கு இப்போதைய சட்டக் கட்டமைப்பில் இடம் குறைவு. கலிஃபோர்னியா 2017-ல் நிறைவேற்றிய 617-ம் மசோதா, பேட்டை அளவில் திட்டம் போடச் சொல்லும் அரிய சட்டம். மேற்கு ஓக்லாந்தின் திட்டம் 2019-ல் அதன்படிதான் உருவானது.

‘இது இனமா, ஏழ்மையா?’ என்று அடுத்த கேள்வி வரும். ஒரே வருமானப் படியில் உள்ளவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் போதும், விடை கிடைத்துவிடும். இன வித்தியாசம் எல்லா வருமானப் படிகளிலும் நிற்கிறது, வருமான வித்தியாசத்தைவிடப் பெரிதாகவும் இருக்கிறது. ஒரு காரணம் பழைய வரைபடங்களில் இருக்கிறது. 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் கழகம் நகரங்களின் பேட்டைகளைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தது. கறுப்பினத்தவரும் குடியேறிகளும் வாழ்ந்த இடங்களுக்குச் சிவப்பு. ஆப்டே, மார்ஷல் உள்ளிட்டோர் 2022-ல் 202 நகரங்களை அந்த வரைபடங்களோடு பொருத்திப் பார்த்தபோது, பழைய சிவப்புப் பேட்டைகளில் நைட்ரஜன் டை ஆக்சைடு 2010-லும் பச்சைப் பேட்டைகளைவிட 50 சதவீதத்துக்கு மேல் அதிகம். ஆனால் ஒரே நிறத்துக்குள்ளும் இன வித்தியாசம் இருந்தது, ஆகவே அந்த வரைபடம் ஒன்றின் மேலேயே எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு கவுண்டிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பேராசிரியரிடம் பேச அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. டிராக்ட் வாரியாக இனம், வருமானம் இரண்டையும் கணக்கெடுப்புத் துறையின் ஐந்தாண்டுச் சமுதாய ஆய்விலிருந்து எடுங்கள். அதைவிடச் சிறிய அலகில் பிழை வரம்பு எண்ணையே விழுங்கிவிடும். 2020 கணக்கெடுப்பின் மிகச்சிறு தொகுதிகளிலோ தனியுரிமைக்காக வேண்டுமென்றே எண்களைச் சற்று மாற்றியிருக்கிறார்கள். மாசுக்கு, நிலைய அளவீட்டோடு சாலை நீளம், நிலப்பயன்பாடு, செயற்கைக்கோள் தரவு சேர்த்துக் கணித்த, பொதுவில் கிடைக்கும் மதிப்பீடுகளைப் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையா, டிராக்ட் எல்லைகள் 2010-ஐயா 2020-ஐயா சார்ந்தவை என்று முதலில் பாருங்கள். எல்லை மாறியிருந்தால் பொருந்தாத டிராக்டுகள் சத்தமில்லாமல் கழன்றுவிடும். இணைத்த பின் மொத்த மக்கள்தொகையைக் கூட்டிச் சரிபார்த்தால் உடனே தெரிந்துவிடும். சுற்றுச்சூழல் நீதிக்கான குறியீடுகளைக் காட்டிய, கூட்டாட்சி அரசின் இஜேஸ்கிரீன் வரைபடம் 2025 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. வெளி அமைப்புகள் வைத்திருக்கும் நகல்களில் பழைய பதிப்பு கிடைக்கும். அதிலுள்ள சதமான (பெர்சென்டைல்) வரிசை எண்களைச் செறிவு என்று நினைத்துப் பெருக்கிவிடாதீர்கள், பலர் செய்யும் தவறு அது. 90-வது சதமானத்துக்கும் 45-வதற்கும் இடையே இரு மடங்கு மாசு இருப்பதாக அர்த்தமில்லை.

பிறகு அதே கணக்கை டிராக்டில் ஒருமுறை, கவுண்டியை 12 கிலோமீட்டர் கட்டங்களாகச் சேர்த்து ஒருமுறை போடுங்கள். பிஎம் 2.5-க்கும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் தனித்தனியாக. நான்கு எண்கள் வரும். எது எவ்வளவு சுருங்கியது, ஏன் என்று உங்களால் விளக்க முடிந்தால் நேர்காணலில் அதை முதலில் எடுத்து வையுங்கள். இவை எல்லாம் வீட்டு முகவரியை வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் கூடவே சொல்லுங்கள். மனிதர்கள் பகலில் வேறு இடத்தில் வேலை செய்கிறார்கள், ஜன்னலை மூடிக்கொண்டு தூங்குகிறார்கள். உண்மையில் நுரையீரலுக்குள் போகும் அளவு இதிலிருந்து விலகியிருக்கும்.